சின்ன தொரை தொப்பி

எனக்கு யாரையும் நம்ப வராது. இதுல என்ன வெக்கம்? ஈப்போவுல ஒரு கையுறை ஃபேக்டரி கேட்டுல முப்பது வருஷம் ஜாகா, அதான் காவக்கார வேலை பார்த்தவன் நான். சாப்பாட்டு டப்பாவுக்குள்ள சாமானை வெச்சுக் கடத்துனவன், கால் வலின்னு நொண்டிக்கிட்டே பூட்ஸுக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் போனவன், எல்லாப் பயலையும் பார்த்தாச்சு. ரிட்டையர் ஆகியும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. கலாதேவி மார்க்கெட்டுல இருந்து வந்தா பையைத் திறந்து பார்த்துருவேன். "கட்டுன பொண்டாட்டிய செக் பண்ற ஒரே ஆம்பளை நீங்கதான்லா"ன்னு கத்துவா. கத்தட்டும்.

அதனால கோயில் தலைவர் சீனி என் வீட்டுக்கு வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தப்பவே எனக்கு மூக்குல வேர்த்துருச்சு.

"மகேன் அண்ணே, அந்தச் சோழா தொப்பி இருக்கே, அது நெசமாவே ஒங்க தாத்தா பறிச்சதுதானா?"

"என்னடா கேள்வி இது? ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும் அண்ணே. கமிட்டியில ஆதாரம் கேக்குறாங்க."

ஆதாரமாம். எனக்கு வந்த கோவத்துக்கு அவன் கையில இருந்த கோப்பியப் பிடுங்கி ஊத்தியிருப்பேன். கலாதேவி கண்ணைக் காட்டுனா, அடங்கிட்டேன்.

தொப்பி கதை தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பத்து காஜாங்கிற ஊரு பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டம்னு ஒரு ரப்பர் தோட்டம் இருந்துச்சு. நான் பொறந்தது அங்கதான். கூலிக்காரங்க குடியிருந்த லயத்துக்குப் பின்னால எங்க முனி. சின்னக் கல்லுதான், ஆனா தலையில ஒரு தொரை தொப்பி இருக்கும். பழைய படத்துல வெள்ளைக்காரன் போட்டுக்கிட்டு வருவானே, கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி, சுத்தி விளிம்பு எறங்கி, அதேதான். மத்த ஊரு முனிக்குச் சுருட்டும் பீரும் வெச்சாப் போதும். எங்க முனிக்குத் தொப்பியும் உண்டு. தோட்டத்து ஆளுங்க அதைச் சோழா தொப்பின்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்துச் சோழ ராஜா படையில போட்ட மாதிரித் தொப்பி, அதைத்தான் வெள்ளைக்காரன் காப்பியடிச்சான்னு எங்கப்பா சொல்லுவாரு. அதுக்கு ஒரு மகிமையும் இருந்துச்சு. எந்த மனுசன் தலையிலயும் அது எறங்காது. பூசாரி அர்ச்சுனன் அண்ணே அருள் வந்து ஆடுறப்போ தொப்பி இல்லாம முனியை யாரும் பாக்கக் கூடாதுன்னு கல்லைத் துணியால மூடி, அதுக்கடியில கையை விட்டு அதை எடுத்துத் தலையில வெப்பாரு, உச்சியில நிக்கும், அவ்வளவுதான். "முனி தொப்பி முனிக்குத்தான்"னு சனங்க கன்னத்துல போட்டுக்கும்.

அந்தத் தொப்பியைக் கொண்டு வந்தது எங்க தாத்தா சடையன். சுதந்திரத்துக்கு முன்னால அவரு சிலிம் ரிவர் பக்கம் வேற தோட்டத்துல ரப்பர்ப் பால் வெட்டிக்கிட்டு இருந்தாரு. அங்க சின்ன தொரையை அறைஞ்சு, தொப்பியைப் பறிச்சுக்கிட்டு, அன்னிக்கே பொண்டாட்டி புள்ளைங்களோட கெளம்பி ஏழாங்கட்டைக்கு வந்துட்டாரு. தோட்டத்து மேனேஜர் பெரிய தொரை, அவருக்கு அடுத்த அசிஸ்டெண்டு சின்ன தொரை. வெள்ளைக்காரன் முன்னால செருப்புப் போட்டு நடக்கவே பயந்த காலம். அதுல ஒருத்தன் கையை ஓங்குனான்னா சும்மாவா? அதனாலதான் திருவிழாவுக்குத் திருவிழா மொத பரிவட்டம் எங்க குடும்பத்துக்கு. தாத்தா, அப்பா, அப்புறம் நான்.

இப்போ தோட்டத்தை அழிச்சு, வரிசையா வீடு கட்டித் தாமான் ஆக்கிட்டாங்க. முனி இருந்த எடத்துல ரோடு வருது. சீனி தலைவரா இருக்கிற தாமான் கோயில்ல ஒரு மூலைய ஒதுக்கிக் கல்லையும் தொப்பியையும் கொண்டு வெச்சாச்சு. கும்பாபிஷேகத்துக்கு முன்னால இந்த ஆதாரப் பேச்சு. எனக்கா புரியாது? சீனியோட தாத்தா தோட்டத்துக் கிராணி, ஆபீஸ்ல கணக்கு எழுதுனவரு. தொரைக்குக் குடை புடிச்ச பரம்பரை. கூலிக்காரன் பேரன் எனக்கு மொத பரிவட்டம், கிராணி பேரன் அவன் பின்னால நிக்கணும். வயிறு எரியாதா? தொப்பி பொய்யின்னு சொல்லி எங்களை ஒதுக்கப் பாக்குறான்.

"ஆதாரம் கொண்டாரேன். அப்புறம் பாருடா"ன்னு சொல்லி அனுப்புனேன்.

ஈப்போ பழைய டவுன்ல பவித்ரன்னு ஒரு பையன் கடை வெச்சிருக்கான். பழைய சாமான் கடை. கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, பீங்கான், எல்லாம் டூரிஸ்டுக்கு. தொப்பி விசயத்துல கெட்டிக்காரன்னு சொன்னாங்க. அர்ச்சுனன் அண்ணேகிட்ட கேட்டு, சூடம் காட்டி, கல்லைத் துணியால மூட வெச்சு, தொப்பியை ஒரு பிஸ்கட் தகரத்துல வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். கெளம்புறதுக்கு முன்னால உள்பக்கத் துணியில பேனாவால ஒரு சின்னப் புள்ளி வெச்சேன். மாத்திட்டான்னா? வேலையே அதுதானே இவனுங்களுக்கு.

கடையில போய் வாசலை மறிச்சு உக்காந்துக்கிட்டேன். பவித்ரன் தொப்பியை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, விரலால தட்டி, உள்ள மோந்து பார்த்தான். நான் அவன் கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"அங்கிள், என் கை சுத்தமாத்தான் இருக்கு"ன்னு சிரிச்சான்.

"நீ தொப்பியைப் பாருப்பா."

"நல்ல சோலா தொப்பி. ஒரிஜினல்."

"சோழா."

"இல்ல அங்கிள், சோலா. வங்காளத்துல தண்ணியில வளர்ற செடி. நம்ம ஊருல நெட்டின்னு சொல்லுவாங்க, மாலையெல்லாம் கட்டுவாங்களே, அந்த வெள்ளைத் தண்டு. அதைச் சீவி ஒட்டி, மேல துணி போட்டுத் தைச்சா தொப்பி. காத்து மாதிரி லேசு. டோப்பின்னா இந்தியில தொப்பி. ரெண்டும் சேர்ந்து சோலா டோப்பி. வெள்ளைக்காரங்களே இந்தப் பேருல ஏமாந்தாங்க. வெயிலுக்குப் போடுறதுதானே, சோலார்னா சூரியன், அதுதான் பேருன்னு நெனச்சுக்கிட்டு எழுத்தையே மாத்தி எழுதுனாங்க. நம்ம ஆளுங்க சோழா ஆக்கிட்டாங்க."

"அப்போ சோழ ராஜா?"

"ராஜாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அங்கிள்."

எனக்குச் சுள்ளுன்னு ஏறுச்சு. எங்கப்பா சொன்னதை இவன் யாரு பொய்ங்கிறதுக்கு? ஆனா தொப்பி நெசம்னு அவன் வாயாலயே வந்துருச்சே. அது போதும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, "சரி, சின்ன தொரை போட்ட தொப்பின்னு எழுதிக் குடு"ன்னேன்.

அவன் எழுந்திரிச்சுப் போய் அலமாரியில இருந்து இன்னொரு தொப்பியைக் கொண்டாந்தான். அதே சாதி, அதே விளிம்பு. அதை மல்லாக்கத் திருப்பி மேசையில வெச்சான். நம்ம தொப்பியைத் தூக்கி அதுக்குள்ள எறக்குனான். சட்டிக்குள்ள சின்னச் சட்டி மாதிரி உள்ள போயி உக்காந்துக்கிச்சு.

"வெளிய இருக்கிறது பெரிய ஆளு போடறது அங்கிள். உள்ள இருக்கிறது சின்னப் புள்ளை போடறது. ஆறு, ஏழு வயசு இருக்கும். வெயில் மண்டையில பட்டா செத்துருவோம்னு அவங்களுக்கு ஒரு பயம். கொழந்தைங்களுக்கும் தொப்பி போடாம வெளிய விடமாட்டாங்க."

"அது முனி மகிமை! மனுசத் தலையில எறங்காது!"

"ஏழு வயசுப் புள்ளைக்கு எறங்கும்."

எந்திரிச்சு நின்னு அவன் மூஞ்சிக்கு நேரா விரலை நீட்டுனேன். "டேய், சீனி ஒனக்கு எவ்வளவு குடுத்தான்? எனக்கே குல்லா போடப் பாக்குறியா?" பாவம், அவன் மெரண்டு போயி ரெண்டடி பின்னால நகர்ந்தான். சீனின்னா யாருன்னே தெரியாதுன்னான். நான் தொப்பியை வாங்கி உள்ள புள்ளியைத் தேடுனேன். இருந்துச்சு. நம்ம தொப்பிதான். அதுக்கப்புறம் அங்க நிக்க முடியலை.

காருக்குள்ள உக்காந்து ஏர்கானைப் போட்டேன். பேருல ஏமாந்தாங்கன்னு அந்தப் பையன் சொன்னது மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. சின்ன தொரை. எங்க தோட்டத்துல அசிஸ்டெண்டு தொரையை அப்படித்தான் கூப்புடுவோம். ஆனா தொரை வீட்டுச் சின்னப் பையனையும் வேலைக்காரங்க, ஆயா, தோட்டக்காரன் எல்லாம் அப்படித்தானே கூப்புடுவாங்க? "சின்ன தொரை பால் குடிச்சாச்சா"ன்னு.

ஐயோ முனி. எங்க தாத்தா ஒரு சின்னப் பையனையா அடிச்சாரு?

தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் மிச்சம். காளியம்மா அத்தை, எங்கப்பாவோட தங்கச்சி. எம்பது வயசு. சிலிம் ரிவர்ல மக துளசி வீட்டுல இருக்காங்க. அத்தைக்கு வலது கண்ணு கிடையாது. ரப்பர் பாலை ஒறைய வெக்கிற ஆசிட்டு சின்ன வயசுல தெறிச்சிருச்சுன்னு அப்பா சொல்லியிருக்காரு. நேரா ஹைவேயப் புடிச்சேன். பக்கத்து சீட்டுல தகரத்துக்குள்ள தொப்பி.

துளசி கதவைத் தொறந்தா. என் மூஞ்சியப் பார்த்துட்டு, "என்ன மாமா, அக்கா கூட சண்டையா?"ன்னு கேட்டா. நான் நேரா உள்ள போனேன். அத்தை கூடத்துல உக்காந்து முருங்கைக் கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. நான் தகரத்தைத் தொறந்து தொப்பியை மேசை மேல வெச்சேன்.

அத்தை கையில இருந்த கீரை கீழ விழுந்துச்சு.

"இதை எதுக்குடா என் வீட்டுக்குக் கொண்டாந்தே?"

"அத்தே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாதீங்க. தாத்தா அறைஞ்ச சின்ன தொரை யாரு?"

அத்தை என்னைப் பார்க்கலை. தொப்பியைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. துளசி வந்து பக்கத்துல நின்னுக்கிட்டா.

"பெரிய தொரை மகன்"னாங்க. "என் வயசுதான் இருக்கும். ஏழு."

நான் நாற்காலியில உக்காந்துட்டேன்.

"அவனுக்கு வெளையாட ஆளு இல்லைடா. லயத்துப் பக்கம் வருவான், ஆயாவுக்குத் தெரியாம. அவனுக்குத் தெரிஞ்ச வெளையாட்டு ஒண்ணுதான். பெரட்டு. காலையில தொரை ஆளுங்களை வரிசையில நிக்க வெச்சுப் பேரு கூப்புடுவானே, அது. எங்களை வரிசையா நிக்கச் சொல்லுவான். கையில அவங்கப்பா மாதிரிக் குச்சி. தலையில இது. பேரு கூப்பிட்டா 'ஐயா'ன்னு சொல்லணும். நாங்களும் சொல்லுவோம், சிரிப்பா இருக்கும். அன்னிக்கு என் பேரு வந்தப்போ நான் 'காளான்'னு சொல்லிட்டேன். தொப்பி காளான் மாதிரி இருந்துச்சு, அதான். எல்லாப் புள்ளையும் சிரிச்சுச்சு. அவனுக்குப் புரியலை. ஆனா சிரிக்கிறாங்கன்னு தெரியும்ல? குச்சியால குத்துனான்."

அத்தை விரலைத் தூக்கி அந்தக் கண்ணைக் காட்டுனாங்க.

"ஆசிட்டு இல்லையா?"ன்னு துளசி கேட்டா. அவளுக்கே தெரியாது பாருங்க.

"ஆசிட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் சத்தம் கேட்டு எங்கப்பா ஓடியாந்தாரு. ரத்தத்தைப் பார்த்துட்டு ஓங்கி விட்டாரு ஒரு அறை. தொப்பி பறந்துச்சு. அவனும் அழுவுறான், நானும் அழுவுறேன். அப்புறம்தான் எங்கப்பாவுக்கு ஒறைச்சுது, யாரை அடிச்சோம்னு. வெளக்கு வெக்கிறதுக்குள்ள கெளம்பிட்டோம். தொப்பி கையோட வந்துருச்சு. ஓடுற ஓட்டத்துல அவருக்கே தெரியலை. வீட்டுல வெச்சா போலீஸ் வரும், சாமி தலையில வெச்சா எவன் தொடுவான்னு ஏழாங்கட்டை முனி தலையில வெச்சாரு."

"அப்போ அந்தக் கதை?"

"கள்ளு உள்ள போனா 'சின்ன தொரையை அறைஞ்சேன்'னு சொல்லுவாரு. கேட்டவன் அசிஸ்டெண்டு தொரைன்னு நெனச்சான். நெனச்சுட்டுப் போவட்டும்னு விட்டுட்டாரு. சின்னப் புள்ளையை அடிச்சேன்னு எந்த ஆம்பளை சொல்லுவான்? அப்புறம் ஒங்கப்பன் அதுக்கு மேல அடுக்குனான். ஆசிட்டு கதையும் ஒங்கப்பன் கட்டுனதுதான். ரெண்டையும் சேர்த்து வெச்சு யாரும் கணக்குப் போட்டுறக் கூடாதுல்ல?"

எனக்கு எங்கப்பா மேல வந்த ஆத்திரம்! செத்த மனுசன்கிட்ட போயி என்ன சண்டை போட? நான்தான் உலகத்தையே சந்தேகப்பட்டவன் ஆச்சே. சொந்த வீட்டுக் கதையை ஒரு நாளாவது சந்தேகப்பட்டேனா?

"தாத்தா மேல தப்பு இல்ல அத்தே. கண்ணு முன்னால புள்ளையைக் குத்துனா எவனும் அடிப்பான்"ன்னேன்.

"எங்கப்பாவை நான் குத்தம் சொன்னேனா?" அத்தை குரல் ஒசந்துச்சு. "அந்தப் பையனைக்கூடச் சொல்லலை. அதுவும் புள்ளைதான். ஒங்களைத்தான்டா சொல்றேன். நீங்க சொன்ன கதையில தொரை இருக்கான், தொப்பி இருக்கு, எங்கப்பா இருக்காரு. என் கண்ணு எங்கடா? அதைத் தூக்கிப் போட்டுட்டு, அதைக் குத்துனவன் தொப்பிக்குச் சூடம் காட்டுறீங்க, பரிவட்டம் கட்டிக்கிறீங்க. நானும் வந்து கன்னத்துல போட்டுக்கணுமா? கல்யாணம் ஆயி இங்க வந்தவதான். ஒரு திருவிழாவுக்காவது நான் அங்க வந்திருக்கேனா? ஏன் வரலைன்னு ஒருத்தனாவது கேட்டீங்களா?"

யாரும் கேக்கலை. அத்தைக்குத் திமிருன்னு எங்க வீட்டுல பேசிக்குவோம். துளசி அவங்கம்மா தோளைப் புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தா.

"வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது, கோயிலுக்கு வாங்க அத்தே"ன்னேன். "வந்து என்ன செய்ய?"ன்னாங்க. "வாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தொப்பியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

கலாதேவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டே எனக்குச் சாப்பாடு எடுத்து வெச்சா. கடைசியில, "சொன்னீங்கன்னா பரிவட்டம் போயிரும். சொல்லலைன்னா அத்தை போயிருவாங்க"ன்னா. மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு, மறைக்க மாட்டேன். பவித்ரனுக்கும் எங்க வீட்டு ஆளுங்களுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? சீனி மூக்கை ஒடைக்கலாம். தொப்பி ஒரிஜினல்தானே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனா, சீனி வாசல்லயே என் கையைப் புடிச்சுக்கிட்டான். "வாங்க அண்ணே, ஒண்ணு காட்டுறேன்"னு உள்ள கூட்டிக்கிட்டுப் போனான். முனி இருக்கிற மூலையில செவுத்துல சாய்ச்சு வெச்சிருந்த ஒரு பெரிய பலகையைத் துணி விலக்கிக் காட்டுனான். தங்கக் கலர்ல எழுத்து. 'சின்ன துரையை அறைந்து சோழா தொப்பியைப் பறித்த மாவீரர் சடையன் வழிபட்ட தொப்பி முனீஸ்வரர்.'

"ஆதாரம் எதுக்குக் கேட்டேன்னு இப்போ தெரியுதா? பலகையில போடப்போறோம், நாளைக்கு எவனும் பொய்யின்னு சொல்லிறக் கூடாதுல்ல. எங்க தாத்தா கிராணியா இருந்து தொரைக்குச் சலாம் போட்டாரு அண்ணே. ஒங்க தாத்தா ஒருத்தர்தான் கையை ஓங்குனாரு. அந்தப் பேரு நெலைக்கணும்."

இவனையா நான் சந்தேகப்பட்டேன்? எங்க தாத்தா பேரு தங்க எழுத்துல மின்னுது. வாயை மூடிக்கிட்டு நின்னா, எனக்கப்புறமும் அது அங்கேயே இருக்கும். கமிட்டி ஆளுங்க பத்துப் பேரு சுத்தி நின்னு என் மூஞ்சியவே பாக்குறாங்க. அர்ச்சுனன் அண்ணே என் கையில இருந்த தொப்பியை வாங்கிக் கண்ணுல ஒத்தி, கல்லை மூடியிருந்த துணிக்கடியில கையை விட்டு முனி தலையில வெச்சு, துணியை உருவுனாரு.

அப்போ வாசல்ல கார் கதவு சாத்துற சத்தம். துளசி கையைப் புடிச்சுக்கிட்டு அத்தை எறங்குனாங்க. உள்ள வந்து, மண்டபத்துக்கு வெளியவே நின்னுட்டாங்க.

"சீனி, இந்தப் பலகை வேணாம்"ன்னேன்.

"என்ன அண்ணே?"

சொன்னேன். பெரட்டு, குச்சி, காளான், ஏழு வயசுப் பையன், எல்லாத்தையும். ஆசிட்டு பொய்யின்னும் சொன்னேன், பொய் சொன்னது எங்கப்பான்னும் சொன்னேன். சொல்லச் சொல்ல சீனி மொகம் சுண்டிப் போச்சு. என்னை ஓரமா இழுத்தான். "அண்ணே, கும்புடுறேன், விடுங்க. யாருக்குத் தெரியப் போவுது? தொப்பிக்காகத்தான் ஈப்போவுல இருந்தெல்லாம் சனம் வரப்போவுது. தொப்பி இல்லேன்னா இது வெறும் கல்லு."

"கல்லாவே இருக்கட்டும்."

"பரிவட்டமும் போயிரும் அண்ணே."

"போவட்டும்லா!"

நான் போட்ட சத்தத்துல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அர்ச்சுனன் அண்ணே நகர்ந்து வழி விட்டாரு. நான் போய் தொப்பியைத் தூக்குனேன். விளிம்பு புருவத்துக்குக் கீழ வரைக்கும் எறங்கி இருந்த எடத்துல கல்லு வெளுத்துப் போயிருந்துச்சு. அதுக்குக் கீழதான் சந்தனமும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருந்துச்சு. வெளுத்த எடத்துல ரெண்டு கண்ணு. யாரோ பழைய ஆளு உளியால கொத்தி வெச்ச பெரிய கண்ணு, நல்லா முழிச்சுக்கிட்டு. பொறந்ததுல இருந்து கும்புடுறேன், எங்க முனிக்குக் கண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது.

அத்தை துளசி கையை விட்டுட்டு மெதுவா உள்ள வந்தாங்க. சீனி தானாவே ஒதுங்கிக்கிட்டான். கல்லுக்குப் பக்கத்துல வந்து, ஒத்தைக் கண்ணை இடுக்கி, ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"எழுவது வருசமா மூடியா வெச்சிருந்தானுங்க ஒன்னை?"ன்னு முனியைக் கேட்டாங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "சூடம் இருக்காடா?"ன்னாங்க.

அர்ச்சுனன் அண்ணே தட்டை நீட்டுனாரு. அத்தை சூடத்தை எடுத்து வெச்சாங்க, துளசி நெருப்பு பத்த வெச்சுக் குடுத்தா. சீனி பலகையை செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சான். நான் தொப்பியைப் பின்னால மறைச்சுப் புடிச்சுக்கிட்டு, அத்தை கும்புட்டு முடிக்கிற வரைக்கும் மண்டபத்துக்கு வெளிய நின்னேன்.